ஐந்தாம் முறை நின்ற ரம்பமும் அதை நம்பிய எங்கள் சிஸ்டரும்

பஞ்சையும் பரிவையும் ஒரே கையில் ஏந்திய பண்பாளரே! பதறி ஓடிவந்த எங்களைப் பதறாத ஒற்றைச் சொல்லால் அமர்த்திய பெருமாட்டியே! காயத்தை ஆற்றக் கற்று வந்து, காயமே வராமல் தடுக்கக் கச்சை கட்டி நின்று, கடைசியில் வென்றும் காட்டிய காவலரே! முப்பத்தோராண்டு முதலுதவி அறையை ஆண்ட முதல்வியே! எங்கள் அனைவருக்கும் அன்றும் இன்றும் என்றும் சிஸ்டரே!

இன்றோடு பணி நிறைவு பெறும் தங்களுக்கு, இந்த மரச்சாமான் தொழிற்சாலையின் தொழிலாளர்களும் அலுவலர்களும் கூடி நின்று வாசித்து அளிக்கும் மடல் இது.

ஒரு சிக்கல் உண்டு, சிஸ்டர். தங்களை முகத்துக்கு நேரே புகழ முடியாது. இரண்டாவது வரியிலேயே, "போதும், போய் வேலையைப் பாருங்க" என்று எழுந்துவிடுவீர்கள். போன ஆண்டு விழாவில் அப்படித்தான் மாலையோடு நின்ற மேனேஜரை மேடையிலேயே விட்டுவிட்டு, யாருக்கோ தலைவலி என்று மாத்திரை கொடுக்கப் போனீர்கள். ஆகவே இடையில் கொஞ்ச நேரம், வேறு யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல், 'அவர்' என்றே சொல்லப்போகிறோம். தாங்களும் யாரையோ பற்றிய கதை என்றே கேட்டுக்கொண்டிருங்கள். எழுந்து போகாதீர்கள். கதவருகே ஆள் நிறுத்தியிருக்கிறோம்.

அவர் இங்கே வந்தபோது முதலுதவி அறை என்று ஒன்று இருந்ததே தவிர, அதற்குள் உதவி என்று ஒன்றும் இல்லை. உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே ஒரு கட்டில், சொட்டும் குழாய், திறக்காத ஜன்னல். ஒரே வாரத்தில் நாற்காலிகள் வெளியே போயின, குழாய் அடங்கியது, ஜன்னல் திறந்தது. ஜன்னலைத் திறந்ததும் நேர் எதிரே தெரிந்தது அறுவைப் பிரிவு. மேசைக்கு நடுவே பாதி உடம்பைத் தூக்கிக்கொண்டு சுழலும் வட்ட ரம்பங்கள் ஆறு. அன்றிலிருந்து அவருடைய நாற்காலி அந்த ஜன்னலைப் பார்த்துத்தான் போடப்பட்டிருந்தது. ரம்பத்தின் சத்தம் ஒரு நொடி மாறினாலும் கையில் கையுறை ஏறிவிடும்.

அறையின் மூலையில் ஒரு பனிக்கட்டிப் பெட்டி. துண்டான விரலைத் துணியில் சுற்றி, பையில் இட்டு, பனிக்கட்டிமேல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு ஓடுவதற்கான பெட்டி. முதல் இருபத்தைந்து ஆண்டுகளில் பத்தொன்பது முறை அதைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர். ஆறு முறை விரல் மறுபடி ஒட்டியது. பதின்மூன்று முறை ஒட்டவில்லை. ஒட்டாமல் போன நாட்களில் வீட்டுக்குப் போனதும் நெடுநேரம் கை கழுவிக்கொண்டே இருப்பார் என்று, இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவருடைய மகள் எங்களிடம் சொன்னார்.

அந்தப் பதின்மூன்று பேரில் இன்றும் எங்களோடு வேலை செய்பவர் அறுவைப் பிரிவின் தலைமை மேஸ்திரி மட்டும்தான். பதினேழு ஆண்டுகளுக்கு முன் இடது கையின் சுட்டுவிரல் முழுதும், நடுவிரலில் பாதியும் ரம்பத்துக்குக் கொடுத்தவர். மிச்சம் மூன்றரை. ஆகவே எங்களுக்கு அவர் மூணரை மேஸ்திரி. இதை மடலில் எழுதலாமா என்று தயங்கினோம். "எழுதுடா, அதுதானே என் அடையாள அட்டை" என்றார் அவரே.

இனிதான் கதை.

பல் வலிக்காக மருத்துவரிடம் போனார் சிஸ்டர். காத்திருக்கும் அறையில் கிடந்த பழைய இதழைப் புரட்டினார். புரட்டிய பக்கத்தில் ஒரு படம். சுழலும் பிளேடை மனித விரல் தொட்ட மறுகணமே நிறுத்திவிடும் புதிய வட்ட ரம்பம்! பிளேடில் மிக மெல்லிய மின்சமிக்ஞை ஒன்று ஓடிக்கொண்டே இருக்குமாம். காய்ந்த மரம் பட்டால் அது அசையாது. மனிதத் தோல் பட்டால், உடம்பு அந்த மின்சாரத்தில் கொஞ்சத்தை இழுத்துக்கொள்ளும். அவ்வளவுதான்! வில்லொன்று விடுபட்டு, அலுமினியக் கட்டை ஒன்றைப் பற்களுக்குள் செலுத்தும். பிளேடு கட்டையைக் கவ்வியபடி மேசைக்குக் கீழே விழுந்துவிடும். கண் ஒருமுறை இமைப்பதற்குள் முடிந்துவிடும் வேலை! கட்டையும் பிளேடும் வீண். விரல் மிச்சம்.

உள்ளே கூப்பிட்டார்கள். பல் வலியை மறந்துவிட்டு, "இந்தப் பக்கத்தை நான் எடுத்துக்கலாமா?" என்று கேட்டாராம்.

அடுத்த நான்கு ஆண்டுகள் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு முதலாளியை அவர் விட்ட பாடில்லை. பதினோரு மனுக்கள். பதினொன்றுக்கும் "பார்ப்போம்" என்ற ஒரே பதில். பன்னிரண்டாவது முறை மனு எழுதவில்லை. பனிக்கட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் முதலாளியின் மேசைமேல் வைத்தார்.

"என்னம்மா இது?"

"அடுத்த தடவை இதை நீங்க தூக்கிட்டு ஓடுங்க சார். எனக்கு மூச்சு வாங்குது."

இறங்கி வந்தார் முதலாளி. ஆனால் நிபந்தனையோடு. ஒரே ஒரு மெஷின், ஒரே ஒரு மாதம். நடுவர் மூணரை மேஸ்திரி. காரணமில்லாமல் மெஷின் ஐந்து முறை நின்றுபோனால், வந்த வழியே திரும்பிப் போகும்; அதற்குப் பிறகு இந்தப் பேச்சே எழக்கூடாது.

நடுவருக்கோ மெஷினைக் கண்டாலே ஆகாது.

"பயம்தான் சிஸ்டர் பாதுகாப்பு. பயம் போச்சுன்னா கை தானா உள்ள போயிடும்."

"அப்போ உங்களுக்கு அன்னிக்குப் பயம் இல்லையா மேஸ்திரி?"

 மூணரை பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

மெஷின் வந்தது. மூன்றாம் நாள் காலை, பலகை பாதி ஓடியிருந்தபோது துப்பாக்கி வெடித்ததுபோல் 'டப்' என்று ஒரு சத்தம். பிளேடைக் காணோம்! அறுத்தவர் கையை உதறிக்கொண்டு பின்னால் குதித்தார். கை முழுசாக இருந்தது. பிளேடுக்குப் பக்கத்தில்கூட அது போயிருக்கவில்லை. "ஒண்ணு" என்றார் மூணரை, சுவரில் சாக்கட்டியால் கோடு போட்டபடி. ஒன்பதாம் நாள் இரண்டு. பதினான்காம் நாள் மூன்று. இருபதாம் நாள் நான்கு. நான்கு முறையும் யார் விரலும் பிளேடின் அருகில் இல்லை. நான்கு பிளேடுகள் குப்பைக்குப் போயின. சாப்பாட்டு நேரத்தில் பேச்சு மாறியது.

"இது ரம்பமா, தொட்டாச்சிணுங்கியா?"

"தும்மினா கூட நின்னுடும்டா. தள்ளி நின்னு தும்மு."

சிஸ்டரின் காதில் எல்லாமே விழுந்தது. இருபத்தோராம் நாள் தன் அறையைப் பூட்டினார். முக்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் மெஷினுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். ஒரு நாள் முழுக்கப் பார்த்தார். மெஷினை அல்ல, மனிதர்களை. யார் எப்படி நிற்கிறார்கள், எதைத் தொடுகிறார்கள், எங்கிருந்து பலகை எடுக்கிறார்கள் என்று ஒன்றுவிடாமல் பார்த்தார். மறுநாள் காலை முதல் பலகை மெஷினை நோக்கி வரும்போது சட்டென்று எழுந்து கை வைத்துத் தடுத்தார். பலகை சில்லென்றிருந்தது. ஈரம்!

திரும்பினார். ரம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு வாளி. வாளியில் தண்ணீர். அதில் ஊறும் துணி. அறுக்கும் முன் பலகையை ஈரத்துணியால் துடைப்பது எங்கள் அறுவைப் பிரிவின் வழக்கம். தூள் பறக்காது, இருமல் வராது. காலையில் அடுக்கின் மேலிருக்கும் பலகைக்குக் கொஞ்சம் தாராளமாகவே துணி ஓடும். ஈரமான மரமும் மனித உடம்பைப் போலவே மின்சாரத்தை இழுக்கும். மெஷின் பாவம், மனிதன் என்று நினைத்து நின்றிருக்கிறது!

இத்தனை ஆண்டுகளாக இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொன்னது யார்?

வாளியின் மேல் ஒட்டியிருந்த தாளிலேயே இருந்தது விடை. 'அறுக்கும் முன் பலகையைத் துடைக்கவும். மறவாதீர்!' கீழே, முதலுதவி அறையின் முத்திரை. மேலே, சிஸ்டரின் சொந்தக் கையெழுத்து. அன்றைக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், எங்கள் நுரையீரலுக்காக அவரே போட்ட உத்தரவு.

வேறு யாராக இருந்தாலும் அந்த வாளியை ஓசைப்படாமல் ஓரமாக நகர்த்திவிட்டு, "இனிமே துடைக்க வேண்டாம்" என்பதோடு முடித்திருப்பார்கள். யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் என்ன செய்தார் தெரியுமா? காலை வருகைப் பதிவுக்கு அத்தனை பேரும் வரிசையில் நின்ற நேரத்தில், அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் வைத்தார்.

"நாலு தடவையும் மெஷின் நின்னதுக்குக் காரணம் இந்தத் தண்ணி. இதால துடைக்கச் சொன்னது நான். தப்பு மெஷின் மேல இல்ல, உங்க மேலயும் இல்ல. என் மேல."

 மூணரைதான் முதலில் வாய் திறந்தார். "எட்டு வருஷமா நீங்க சொன்னீங்கன்னுதானே சிஸ்டர் துடைச்சோம்?"

"ஆமா மேஸ்திரி. இன்னிக்கு நிறுத்தச் சொல்றேன். தூளுக்கு முகமூடி வருது, உறிஞ்சுற குழாயும் கேட்டிருக்கேன்."

"அது சரி. ஆனா கோடு நாலு நாலுதான். அழிக்க மாட்டேன்."

"அழிக்க வேண்டாம். என் தப்புக்கு அது இருக்கட்டும்."

தவறு செய்யாதவரைப் பாராட்டுவது எளிது. தன் தவறைத் தானே தூக்கிவந்து நடுக்கூடத்தில் வைத்தவரை, வைத்த கையோடு அடுத்த வேலையைப் பார்க்கப் போனவரை, எந்தச் சொல்லால் பாராட்டுவது? தமிழில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஈரம் போனது. மெஷின் அடங்கியது. இருபத்தெட்டு, இருபத்தொன்பது. ஒரு சிணுங்கலும் இல்லை.

முப்பதாம் நாள். மாலை நான்கு மணி. இன்னும் ஒரு மணி நேரம் ஓடிவிட்டால் மெஷின் எங்களுடையது. முதலாளி வந்து நின்றார், மேனேஜர் பின்னால் நின்றார், சிஸ்டர் முக்காலியில் இருந்தார். மூணரை மேஸ்திரி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தாமே மெஷினுக்கு வந்தார்.

"கடைசி ஒரு மணி நேரம் நான் ஓட்டறேன். என் கைக்கு இது தாங்குதான்னு பார்க்கலாம்."

எடுத்தது காய்ந்து சுக்கான பலகை. சிஸ்டரே தடவிப் பார்த்துத் தலையசைத்தார். ஒல்லியான சட்டங்களாக அறுக்கத் தொடங்கினார் மேஸ்திரி. விரல் பிளேடை நெருங்காமல் பலகையைத் தள்ள உதவும் தள்ளுகட்டை பக்கத்திலேயே இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. முப்பது வருஷம் ரம்பம் ஓட்டியவருக்குத் தள்ளுகட்டை எதற்கு? ஒரு சட்டம், இரண்டு, ஏழு, பத்து. பதினோராவது சட்டத்தின் வால் பிளேடைத் தாண்டும் நேரம்...

டப்!

மோட்டார் இறங்கும் ஓசை மட்டும் மிச்சம். பிளேடு இருந்த இடத்தில் வெறும் பிளவு. ஈரமில்லாத பலகை, மின்சாரத்தை இழுக்கும் ஆணியும் இல்லாத பலகை, ஆனாலும் நின்றுவிட்டது! முதலாளி உதட்டைப் பிதுக்கினார். மேனேஜர் கோப்பைத் திறந்தார். மூணரை மேஸ்திரியோ வெற்றிக் களிப்பில் எங்கள் பக்கம் திரும்பி, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, ஐந்து விரலையும் அகல விரித்தார்.

"அஞ்சு! பார்த்தீங்களா சார்? நான் சொல்லல? அஞ்சு!"

நாங்கள் அத்தனை பேரும் பார்த்தது அந்த ஐந்தை. முக்காலியில் இருந்தவர் பார்த்தது வேறு. முப்பது நாளாய், இருபத்தைந்து ஆண்டாய், மெஷினைப் பார்க்காமல் கைகளையே பார்த்துப் பழகிய கண்கள் அவை.

"மேஸ்திரி, அந்தக் கையை அப்படியே வெச்சிருங்க. இறக்காதீங்க."

நடந்து போனார். கட்டைவிரலைப் பிடித்தார். நகத்தின் ஓரத்தில் அரிசி முனையளவு ஒரு வெட்டு. அதிலிருந்து தோல் மேல் இழுத்ததுபோல் ஒரு சிவப்புக் கோடு. அதன் நுனியில் அப்போதுதான் ஒரு சொட்டு ரத்தம் திரண்டுகொண்டிருந்தது.

"சிராய் குத்தியிருக்கும் சிஸ்டர், விடுங்க."

"சிராய் உள்ள குத்தும், இப்படி நகத்தைச் சீவாது. இது பிளேடோட பல்லு." பஞ்சால் அந்தச் சொட்டைத் துடைத்து முதலாளியிடம் காட்டினார். "சார், இது காரணமில்லாம நிக்கல. இந்த மாசத்துல முதல் தடவையா, எதுக்காக வந்துச்சோ அந்த வேலையைச் செஞ்சிருக்கு."

பிறகு மேஸ்திரியிடம் திரும்பினார். "இப்போ எண்ணுங்க."

மூணரை தன் வலது கையை முகத்துக்கு அருகே கொண்டுவந்தார். உதடு அசைந்தது.  "அஞ்சு," என்றார் கடைசியில், வேறு குரலில்.

அப்படியே மரத்தூள் மேல் உட்கார்ந்துவிட்டார். தணிந்த குரலில், "இது அன்னிக்கே இருந்திருந்தா..." என்றார். இத்தனை நாள் அவர் மெஷினை ஏன் வெறுத்தார் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. இப்படி ஒன்று உலகில் இருக்க முடியும் என்றால், தான் இழந்தது இழக்க வேண்டியதே அல்ல என்று ஆகிவிடுமே!

சிஸ்டர் அவருக்குப் பக்கத்தில் தூளிலேயே உட்கார்ந்தார். "இருந்திருந்தா, உங்களை எல்லாரும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பாங்க மேஸ்திரி. அது அவ்வளவு நல்லா இருந்திருக்காது."

மேஸ்திரி சிரித்தார். அழுதார். இரண்டும் ஒன்றாக.

"அப்போ, மெஷினைத் திருப்பி அனுப்ப வேண்டாமா?" என்று முதலாளி கேட்டதுதான் தாமதம். மூணரை துள்ளி எழுந்தார்.

"எவனாவது இதைத் தூக்க வரட்டும் சார். அவன் கையை நான் வெட்டறேன்!"

கதை முடிந்தது, சிஸ்டர். இனித் தங்களைத் 'தாங்கள்' என்றே அழைக்கிறோம். தப்பிக்க வழியில்லை.

அடுத்த ஆண்டுக்குள் ஆறு ரம்பங்களும் மாறின. தூள் உறிஞ்சும் குழாயும் வந்தது. ஈரமரம் அறுக்க வேண்டுமானால் பாதுகாப்பை நிறுத்தி வைக்கும் சாவி வேண்டும். அந்தச் சாவியைத் தங்கள் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினீர்கள். கேட்டு வருபவரிடம் கையொப்பம் கேட்கவில்லை. "கையைக் காட்டு" என்றீர்கள். கொடுக்கும்போது எண்ணினீர்கள், திருப்பி வாங்கும்போது எண்ணினீர்கள். பிள்ளை பெற்றவர்களும் பேரன் எடுத்தவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தங்கள் வாசலில் நின்றோம். அந்த அவமானத்துக்குப் பயந்தே பலர் மரத்தை வெயிலில் காயவைக்கக் கற்றுக்கொண்டார்கள்!

பனிக்கட்டிப் பெட்டியின் கதியைச் சொல்லவே வேண்டாம். ஆறு ஆண்டுகளாக அது சுமந்தது மெருகுப் பிரிவுக்காரர்களின் குளிர்பானப் புட்டிகளை மட்டுமே. தாங்கள் திட்டினீர்கள், ஆனால் திட்டும்போது தங்கள் முகத்தில் இருந்தது கோபம் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

காய்ச்சலுக்கு மாத்திரையும் கவலைக்கு மருந்தும் தந்தவரே! கல்யாணமாகி வந்த எங்கள் மனைவிமாருக்கு அக்காவாகவும், சம்பள நாளில் தள்ளாடி வந்தவர்களுக்கு அம்மாவாகவும், பொய்க் காய்ச்சல் சொல்லி விடுப்புக் கேட்டவர்களுக்கு எமனாகவும் விளங்கியவரே! தங்கள் பெருமைகளை எழுதினால் மடல் நீளும். நீண்டால் சட்டம் போட ஆகும் மரத்தைப் பற்றி மேனேஜர் கவலைப்படுவார். ஆகவே ஒரே ஒரு வேலை மட்டும் பாக்கி.

இந்த இடத்தில் மடலை வாசிப்பவர் சற்று நிறுத்துவார். இந்த ஆறு ஆண்டுகளில் ரம்பத்தின் பல் தோலில் பட்டு, மெஷின் நின்று, தங்களிடம் ஒரு துண்டுப் பஞ்சும் ஒரு முழ வசவும் மட்டும் வாங்கிக்கொண்டு அன்றே வேலைக்குத் திரும்பியவர்கள் ஒன்பது பேர். அவர்கள் இப்போது தங்கள் இருக்கையிலிருந்து எழுந்து நிற்பார்கள். திரும்பிப் பாருங்கள், சிஸ்டர். முதலில் எழுபவர் யாரென்று தங்களுக்கே தெரியும். அவர்களோடு, அவர்கள் இன்று தூக்கிவைத்திருக்கும் குழந்தைகளையும், பிடித்திருக்கும் கைகளையும் பாருங்கள். இனி எழும் கைதட்டலுக்குத் தாங்களே பொறுப்பு. நிறுத்தச் சொல்லாதீர்கள். இன்று ஒரு நாள் மட்டும் தங்கள் பேச்சைக் கேட்பதாக இல்லை.

ஓய்வென்பது தங்களுக்கு ஒத்துவராது என்பதை அறிவோம். ஆனாலும் கால்நீட்டி அமர்ந்து, கதவைத் தட்டும் ஓசைக்குக் கலங்காமல், காலை உறக்கம் கலையாமல் உறங்கி, மகளோடும் மருமகனோடும் மனம்போல் வாழ்ந்து, நோயின்றி நூறைத் தாண்டி நடக்க வேண்டுமென நெஞ்சார வாழ்த்துகிறோம்.

திங்கட்கிழமை காலை தங்கள் நாற்காலியில் புதிய சிஸ்டர் ஒருவர் அமரப்போகிறார். அதே ஜன்னலைத் திறந்து, அதே ரம்பங்களைப் பார்த்துக்கொண்டு, நாள் முழுக்க வேலையே இல்லாமல் கொட்டாவி விட்டுக்கொண்டு இருக்கப்போகிறார். அந்தக் கொட்டாவிதான் தாங்கள் எங்களுக்கு விட்டுச் செல்லும் சொத்து. அதைக் கண்போலக் காப்போம். இது இங்கே கூடியிருக்கும் அத்தனை கைகளும் சேர்ந்து தரும் வாக்கு.

தங்கள் அன்பில் நனைந்து, தங்கள் அதட்டலில் நிமிர்ந்து நிற்கும்,

அறுவை, இழைப்பு, மெருகு, அலுவலகப் பிரிவுகளின் தொழிலாளர்களும் அலுவலர்களும்